முட்டி ஆபரேஷன் முடிஞ்சு 19 நாள்: புரட்டாசி, பத்தியம், சுருங்கும் தொடை. என்ன சாப்பிடுறது?

யீஷூன் விங்கர்
திங்கள், இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். வயசு 27. சிங்கப்பூர்ல ஏழு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம கால்பந்து விளையாடுறவன். ஜூலைல ஒரு ஆட்டம். யாரும் என்மேல மோதல. நானா ஓடிவந்து வெட்டித் திரும்புறப்ப இடது முட்டியில 'டொப்'புன்னு ஒரு சத்தம். அன்னிக்கு ராத்திரியே முட்டி இளநி மாதிரி வீங்கிடுச்சு. ஸ்கேன்ல ஏசிஎல் (முட்டிக்குள்ள இருக்கிற முக்கியமான நார்) முழுசா அறுந்திருக்கு, மெனிஸ்கஸ்லயும் (மூட்டுக்குள்ள இருக்கிற மெத்தை) கிழிசல்னு வந்துச்சு. பின்தொடையிலேருந்து நார் எடுத்துப் புதுசா வச்சு, மெனிஸ்கஸையும் தச்சிருக்காங்க. இன்னியோட 19 நாள். ரெண்டு ஊன்றுகோல், பிரேஸ்.

வலி பத்திக் கேக்கல, அது குறைஞ்சுக்கிட்டு வருது. சாப்பாடு பத்திதான் கேக்கணும்.

நேத்து அம்மாவோட தையல் மெஷின் டிராயர்லேருந்து அளவு டேப்பை எடுத்து, முட்டிச் சில்லுக்கு மேல 15 சென்டிமீட்டர்ல பேனாவால கோடு போட்டு அளந்து பாத்தேன். வலது தொடை 52. இடது 48.5. மூணு தடவை அளந்தும் அதேதான். தொட்டா வெந்த கிழங்கு மாதிரி கொழகொழன்னு இருக்கு. எடை 68லேருந்து 64க்கு வந்துடுச்சு.

எங்க வீட்ல புரட்டாசி முழுக்க சைவம், முட்டையும் கிடையாது. அதோட அம்மா தையல் போட்ட உடம்புன்னு பத்தியமும் வச்சிருக்காங்க. கத்தரிக்காய் கூடாது, பூசணி கூடாது, தயிர் கூடாது, பருப்பு வாயு. காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் ரசம் சாதம், கோஸ் பொரியல், சாயங்காலம் தே (டீ), பிஸ்கட், ராத்திரி கஞ்சி. "படுத்தே இருக்கிற புள்ளைக்கு இதுக்கு மேல செரிக்காதுய்யா"ன்னு சொல்றாங்க. எனக்கும் பெருசா பசியில்ல.

அம்மா லீவு போட்டு என்னைப் பாத்துக்கிறாங்க. அவங்க மனசு கோணக்கூடாது. ஆனா இந்தத் தொடையைப் பாக்கப் பயமா இருக்கு. என்ன சாப்பிடட்டும்?


பொங்கோல் அக்கா
திங்கள், இரவு 11.15

தம்பி, உன் பதிவைப் படிச்சதும் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இருந்த என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு. எனக்கு பூப்பந்து. அதே ஏசிஎல், வலது கால். நான் செஞ்ச தப்பை நீ செய்யக்கூடாதுன்னுதான் இந்த நேரத்துல உக்காந்து எழுதுறேன்.

எனக்குப் பத்தியம் வைக்க யாரும் இல்ல, நானே வச்சுக்கிட்டேன். ஓட்டம் இல்ல, ஆட்டம் இல்ல, குண்டாயிடுவேன்னு பயந்து சாப்பாட்டைப் பாதியாக் குறைச்சேன். ரெண்டு மாசத்துல எடை குறைஞ்சது உண்மை. குறைஞ்சது கொழுப்பு இல்ல, தொடை. அதைத் திரும்பக் கொண்டுவர எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. நீ படுத்திருக்கலாம், உன் கால் படுத்திருக்கல. உள்ள தச்ச இடம், நார் எடுத்த இடம், எலும்புல துளை போட்ட இடம்னு மூணு இடத்துல ராப்பகலா வேலை நடக்குது. அதுக்குச் சாமான் வேணும்ல?

நீ சொன்ன சாப்பாட்டைக் கணக்குப் போட்டேன். ரெண்டு இட்லியில 4 இல்ல 5 கிராம் புரதம். ரசம் சாதம், பொரியல் எல்லாம் சேத்து 8. தே, பிஸ்கட் 4. கஞ்சி 5. பக்கத்துல தொட்டுக்கிறதெல்லாம் போட்டாலும் ஒரு நாளைக்கு 30 தாண்டாது. என்னைப் பாத்த ஊட்டச்சத்து நிபுணர், ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராமாவது வரணும்னு சொன்னாங்க. உன் பழைய எடை 68க்கு அது 109. மூணுல ஒரு பங்குகூட நீ சாப்பிடல.

அசைவம் இல்லாம முடியுமான்னா, தாராளமா முடியும். காஞ்ச பாசிப்பயறு 100 கிராம்ல 24 கிராம் புரதம் இருக்கு. அதை ராத்திரி ஊறவச்சு, காலையில இஞ்சி, பச்சமொளகா போட்டு அரைச்சு தோசையா ஊத்து. மூணு தோசைக்கு 60 கிராம் பயறு போகும், அதுலயே 14 கிராம் வந்துடும். கூட சக்கரை போடாத சோயாப்பால் ஒரு பெரிய கிளாஸ். காலைச் சாப்பாடே 20க்கு மேல போயிடும். மத்தியானத்துக்கு தவ்குவா (கெட்டியான சோயாக்கட்டி). ஈரச்சந்தையில தவ்குவா விக்கிற கடை இல்லாத பேட்டை இருக்கா? 100 கிராமுக்கு 12லேருந்து 15 வரும். தெம்பே (புளிக்கவச்ச சோயாக்கட்டி) இன்னும் மேல, கிட்டத்தட்ட 19. தெம்பேயை மெல்லிசா நறுக்கி, மஞ்சத்தூள், மொளகாத்தூள் பெரட்டி தோசைக்கல்லுல போட்டு எடுத்தா மீன் வறுவல் மாதிரியே இருக்கும். அம்மாவும் சாப்பிடுவாங்க.

ராத்திரிக்குப் பனீர், இல்லன்னா அடை. நவராத்திரி வேற வருது தம்பி. ஒன்பது நாளும் சுண்டல், இதைவிட என்ன வேணும்? ஒரு கிண்ணம் வேகவச்ச கொண்டைக்கடலை 14 கிராம். கோயில்ல கொடுக்கிற அந்தச் சின்னக் கப் இல்ல, ஒரு முழுக் கிண்ணம்.

ஒரே வேளையில மொத்தத்தையும் அடைக்காதே. வேளைக்கு 25, 30னு நாலு வேளையாப் பிரிச்சுக்கோ. அதுதான் தசைக்கு நல்லதுன்னு சொன்னாங்க, பசி இல்லாத வயித்துக்கும் அதுதான் தோது.


இயன்கை
செவ்வாய், காலை 7.05

நான் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). எங்கே வேலை செய்கிறேன் என்பதை இங்கே எழுத இயலாது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வருபவர்களை நாள்தோறும் பார்க்கிறேன்.

அக்கா எழுதிய உணவுக் கணக்கு சரி. ஏசிஎல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கிலோவுக்கு 1.6 முதல் 2 கிராம் வரை புரதம் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் அளவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்தக் கணக்கைத் தாமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

ஆனால் தம்பி, உங்கள் தொடை சுருங்கியதற்குச் சாப்பாடு ஒரு பாதிதான் காரணம். முழங்காலுக்குள் வீக்கம் இருக்கும்வரை, முன்தொடைத் தசையை இறுக்கச் சொல்லிப் போகும் நரம்புக் கட்டளையை உடல் தானாகவே அடக்கிவைக்கிறது. நீங்கள் எவ்வளவு முயன்றாலும் தசை முழுதாக இறுகாது. இறுகாத தசை முதல் இரண்டு வாரத்திலேயே கண்ணுக்குத் தெரியும்படி கரையும். அந்தத் தசையை எழுப்பாமல் புரதத்தை மட்டும் கொட்டினால் அது தொடைக்குப் போய்ச் சேராது.

ஆகவே நான் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இரவில் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குகிறீர்களா?


யீஷூன் விங்கர்
செவ்வாய், காலை 8.20

ஆமாங்க. அப்படி வச்சாத்தான் இதமா இருக்கு. அம்மாதான் ரெண்டு தலையணை வச்சு விடுறாங்க.


இயன்கை
செவ்வாய், காலை 8.41

இன்று இரவே எடுத்துவிடுங்கள். இதமாக இருப்பது உண்மைதான், கால் லேசாக மடங்கியிருப்பதால் வரும் இதம் அது. இரவு முழுவதும் அப்படியே கிடந்தால் முழங்கால் நேராக நீளும் திறனை இழந்துவிடும். முழுதாக நீளாத காலோடு நடந்தால் நொண்டல் நிற்காது, முன்தொடையும் தேறாது. தலையணையைக் குதிகாலுக்கு அடியில் கொடுங்கள். முட்டிக்குக் கீழே வெறுமையாக இருக்கட்டும். பத்து நிமிடத்தில் பின்பக்கம் இழுக்கும், பழகிவிடும்.

அடுத்து, ஒரு சின்னத் துண்டை உருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதைக் கட்டிலோடு நசுக்குவதுபோல் அழுத்துங்கள். ஐந்து நொடி பிடித்து விடுங்கள். இதற்கு மட்டும் முட்டிக்கு அடியில் துண்டு இருக்கலாம், பயிற்சி முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். சில்லு மேல்நோக்கி நகர்வதைக் கண்ணால் பாருங்கள். நகராவிட்டால் தசை இன்னும் தூங்குகிறது என்று பொருள். அடுத்த சந்திப்பில் உங்கள் இயன்மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள், மின்தூண்டல் கருவி வைத்துப் பார்ப்பார்கள். மெனிஸ்கஸ் தைத்திருப்பதால் எவ்வளவு மடக்கலாம், எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை உங்களை அறுவை செய்தவர் சொன்னபடியே வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர் கதை உங்களுக்குப் பொருந்தாது.

டேப் அளவை வாரம் ஒருமுறை எடுத்தால் போதும், ஒரே கோட்டில், ஒரே நேரத்தில். வீக்கம் தொடைவரை ஏறியிருந்தால் அளவு கூடுதலாகக் காட்டி ஏமாற்றும்.

கெண்டைக்காலில் புதிதாக வலி, வீக்கம், சூடு தெரிந்தால் இந்த இழையில் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள், இரத்தக்கட்டாக இருக்கலாம்.


தோ பாயோ தாய்
செவ்வாய், பிற்பகல் 2.30

எல்லாரும் பிள்ளைக்குச் சொல்கிறீர்கள். அம்மாவுக்காக நான் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கும் தேசிய சேவையில் இருந்தபோது முழங்கால் போயிற்று. அவனுக்கும் நான் பத்தியம்தான் வைத்தேன். என் அம்மா எனக்கு வைத்தது, பாட்டி அவருக்கு வைத்தது. இது அறியாமையில் வந்த பழக்கம் அல்ல. ஊசி மருந்து இல்லாத காலத்தில் புண் சீழ் பிடித்தால் ஆள் போய்விடுவார். எது புண்ணைக் கிளப்புமோ என்று சந்தேகம் வந்ததையெல்லாம் ஒதுக்கினார்கள். தையல் போட்ட பிள்ளையை வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்தால் அந்தப் பயம் எங்கள் கையை இப்போதும் பிடித்து இழுக்கும். தராசு, கிராம் என்று சொன்னால் அந்தப் பயம் போகாது.

தம்பி, "இது கூடாது" என்று அம்மா சொல்வதோடு மல்லுக்கு நிற்காதே. அவர் கூடும் என்று சொல்லும் பட்டியலிலேயே வேண்டியது இருக்கிறது. பாசிப்பருப்பு எங்கள் பத்தியத்தில் விலக்கு இல்லை, பிள்ளை பெற்றவளுக்கே கொடுப்போம். துவரையும் கடலையும்தான் வாயு. பூண்டு, பெருங்காயம் போட்டுப் பாசிப்பருப்பைக் கெட்டியாகக் கடைந்து தரச் சொல். பால் விலக்கு இல்லை. முருங்கைக்கீரை விலக்கு இல்லை. கொய்யாப்பழம் கேள். நான் என் மகனுக்கு தேக்கா சந்தையிலிருந்து கொய்யா வாங்கி வருவேன்.

முடிந்தால் அடுத்த சந்திப்புக்கு அம்மாவையும் கூட்டிப் போ. என் மகனோடு நான் போனேன். அந்தப் பெண் டாக்டர் கட்டைப் பிரித்துக் காட்டி, "தையல் சுத்தமாக ஆறிவிட்டது அம்மா, இனி எல்லாம் சாப்பிடலாம்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அன்று சாயங்காலமே வீட்டில் கத்தரிக்காய் குழம்பு வைத்தேன்.


பொங்கோல் அக்கா
செவ்வாய், மாலை 6.10

அம்மா, நான் எழுதினதுல உங்க பதிவுல இருக்கிற இந்தப் பக்கம் விடுபட்டுப் போச்சு. நன்றி. கொய்யா ரொம்பச் சரியான யோசனை. நார் தேறுறதுக்குக் கொலாஜன் (நாரைக் கட்டுற புரதம்) வேணும், கொலாஜன் உண்டாக வைட்டமின் சி வேணும். 100 கிராம் கொய்யாவுல அது 200 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, ஆரஞ்சைவிடப் பல மடங்கு. கீரை சாப்பிடுற வேளையில ஒரு துண்டு கொய்யா தின்னா கீரையில இருக்கிற இரும்புச்சத்தும் நல்லா ஒட்டும். தே மட்டும் சாப்பாட்டோட சேத்துக் குடிக்காம ஒரு மணி நேரம் தள்ளிக் குடி தம்பி.


புதுக்கோட்டை பவுலர்
செவ்வாய், இரவு 10.45

வணக்கம் அண்ணன், அக்கா, அம்மா எல்லாருக்கும். நான் கட்டுமான வேலையில இருக்கேன், வடக்கே ஒரு டார்மிட்டரியில தங்கியிருக்கேன். ஞாயித்துக்கிழமை கிரிக்கெட் ஆடுனப்ப பந்து போட்டுட்டுக் கால ஊனி நின்னேன், முட்டி திருகிக்கிச்சு. மெனிஸ்கஸ் ஆபரேஷன் முடிஞ்சு 12 நாள்.

நீங்க சொல்ற தவ்குவா, தோசையெல்லாம் எனக்கு எப்புடின்னு தெரியல. எங்களுக்கு கேட்டரிங் சாப்பாடு. விடியக்காலையில பொட்டலம் வந்துரும், அதையே மத்தியானம் வரைக்கும் வச்சுச் சாப்புடணும். சோறு நெறையா இருக்கும், கொழம்பு தண்ணியா இருக்கும், சில நாள் ஒரு துண்டு மீனு. பொதுச் சமையக்கட்டுக்குப் போயி ஊன்றுகோலோட வரிசையில நிக்க முடியல. ஊர்லேருந்து அப்பா போன் போட்டு, கெளம்பி வா, புத்தூர்க் கட்டு போட்டுக்கலாம்ங்கிறாரு. வீட்டுல கடன் இருக்கு. சீக்கிரம் வேலைக்குத் திரும்பணும். அதான் கேக்குறேன்.


இயன்கை
செவ்வாய், இரவு 11.20

தம்பி, நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: கட்டு என்பது எலும்பு முறிவை அசையாமல் நிறுத்துவதற்கு. உங்களுக்கு எலும்பு முறியவில்லை, மூட்டுக்குள் இருக்கும் மெத்தை கிழிந்திருந்தது, அதை உள்ளே போய்ச் சரிசெய்துவிட்டார்கள். இப்போது இறுக்கிக் கட்டினாலோ எண்ணெய் போட்டு நீவினாலோ ஆறுகிற இடம் கெடும்.

சாப்பாட்டுக்கு அடுப்பே வேண்டாம். அறையில் சோறு வடிக்கும் மின்குக்கர் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் சமையலறைக்குப் போகும் நண்பர் ஒருவர் தன் சோற்றோடு நான்கு முட்டையையும் போட்டு அவித்துக் கொண்டுவரட்டும். முட்டைக்கு 6 கிராம். காலையில் இரண்டு, இரவில் இரண்டு. தக்காளிச் சாற்றில் வரும் டின் மத்தி மீன் பேரங்காடியில் கிடைக்கும் மலிவான நல்ல புரதம், முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச்சத்தும் சேரும். பால்மாவு 30 கிராம் வெந்நீரில் கரைத்துக் குடியுங்கள், கொழுப்பு நீக்கியதானால் 10 கிராம் புரதம். கைப்பிடி வறுத்த கடலை, 7 கிராம். பொட்டலச் சோற்றைப் பாதியாக்கிக்கொண்டு இவற்றைச் சேருங்கள். பொட்டலம் நெடுநேரம் வெளியே இருந்து மணம் மாறியிருந்தால் தின்னவேண்டாம். ஆறிவரும் உடம்புக்கு வயிற்றுப்போக்கு பெரிய பின்னடைவு.


பிடோக் 48
புதன், காலை 6.50

புதுக்கோட்டைத் தம்பிக்கு ரெண்டு விஷயம் தெரிஞ்சிருக்கணும். வேலை அனுமதியில இருக்கிறவங்களுக்கு முதலாளி எடுக்கிற மருத்துவக் காப்புறுதி, 2023 ஜூலை 1லேருந்து வருஷத்துக்குக் குறைஞ்சது 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மருத்துவமனையில தங்குறதும் பகல்நேர ஆபரேஷனும் அதுல சேரும், விளையாடும்போது பட்ட அடியா இருந்தாலும். அப்புறம், ஆறு மாசம் வேலை செஞ்சிருந்தா சம்பளத்தோட மருத்துவமனை விடுப்பு வருஷத்துக்கு 60 நாள் வரைக்கும் உண்டு. டாக்டர் கொடுத்த விடுப்புச் சீட்டைப் பத்திரமா போட்டோ எடுத்து வச்சுக்குங்க. பயந்துகிட்டு பாதியில வேலைக்குப் போகாதீங்க தம்பி.

என் கதையையும் சொல்லிடுறேன், நாப்பது தாண்டினவங்களுக்கு உதவும். எனக்குச் சக்கரை உண்டு. முட்டி ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு, ரத்தம் பாத்தா மூணு மாசச் சக்கரை அளவு (HbA1c) 8.9. "இந்த அளவுல கத்தி வச்சா புண் ஆறாது, சீழ் வைக்கும்"னு டாக்டர் தள்ளிவச்சிட்டார். மூணு மாசம் கழிச்சு 7.2 ஆனப்புறம்தான் செஞ்சாங்க. ஆபரேஷனுக்கு முந்தின சாப்பாடும் குணமாகுற கணக்குல சேந்ததுதான்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுச்சு.

எனக்குச் சோறு மாறல, தே மாறுச்சு. நாளைக்கு நாலு தே, எல்லாம் கெட்டிப்பால். அதைத் தே சி கோசோங் (சக்கரை இல்லாம ஆவிப்பால் ஊத்தின டீ) ஆக்குனேன். பொட்டல பானம் வாங்கினா சக்கரை அளவைக் காட்டுற நியூட்ரி-கிரேடு தரக்குறியைப் பாப்பேன், ஏ, பி தவிர எடுக்கமாட்டேன். படுத்திருக்கிற ஆளைப் பாக்க வர்றவங்க கொண்டுவர்ற குளுக்கோஸ் மாவு, சத்துப் பானம், கேக் எல்லாம் சக்கரைதான். அன்போட கொண்டுவர்றாங்க, வாங்கிக்கலாம், தின்னணும்னு இல்ல.


யீஷூன் விங்கர்
புதன், இரவு 9.15

இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல. தலையணையை எடுத்துட்டேன். நேத்து ராத்திரி சரியாத் தூக்கம் வரல, ஆனா பரவாயில்ல. இன்னிக்குக் காலையில பாசிப்பயறு தோசை. "இது அடை மாதிரி தானேடா, இதுக்கா இவ்வளவு தயங்குன"ன்னு அம்மாவே சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட அம்மாவும் வர்றாங்க.

இன்னும் ரெண்டு கேள்வி. ஒண்ணு, வலி மாத்திரை ஆரம்பிச்சதுலேருந்து வயிறு சரியாப் போகல, அதனாலதான் பசியும் இல்லையோ? ரெண்டாவது, புரட்டாசி முடிஞ்சதும் சித்தி ஆட்டுக்கால் சூப் வைக்கிறேன்னு காத்துக்கிட்டு இருக்காங்க. மாமா ஒரு பெட்டி கோழி எசென்ஸ் வாங்கி வந்துட்டார். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) விரால் மீன் சூப் தர்றேன்னு சொல்றாங்க. இன்னொருத்தர் பிரண்டை. இதுல எது உண்மையிலேயே வேலை செய்யும்?


இயன்கை
வியாழன், காலை 7.30

மலச்சிக்கல் டிராமடால் போன்ற வலி மாத்திரைகளால் வருவது. தண்ணீர், பப்பாளி, வீட்டுக்குள்ளேயே அடிக்கடி எழுந்து நடப்பது. மூன்று நாளுக்கு மேல் போகாவிட்டால் மருந்து கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வலி குறைந்துவிட்டதால் அந்த மாத்திரையே இன்னும் வேண்டுமா என்பதையும் வெள்ளிக்கிழமை கேளுங்கள்.

சூப்புகளைப் பற்றிச் சற்று விரிவாக எழுதவேண்டும், எல்லா வீட்டிலும் இதே கேள்விதான்.

ஆட்டுக்கால் சூப்பில் குளிர்ந்ததும் கட்டியாக உறைவது ஜெலட்டின். கொலாஜன் வெந்து கரைந்ததுதான் அது. புரதம்தான், பொய்யில்லை. ஆனால் தசை கட்டத் தொடங்கு என்று உடலுக்குச் சொல்லும் லியூசின் என்ற அமினோ அமிலம் அதில் மிகக் குறைவு. பாலிலும் முட்டையிலும் மீனிலும் சோயாவிலும் அது நிறைய. ஆகவே சித்தியின் சூப்பை மிளகு போட்டு மகிழ்ச்சியாகக் குடியுங்கள். அதைக் குடித்ததால் அந்த வேளைக்குரிய புரதம் முடிந்தது என்று மட்டும் எண்ணாதீர்கள். மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டால் நல்லது.

கோழி எசென்ஸ் புட்டியின் முதுகைத் திருப்பிப் படியுங்கள். பொதுவாக ஒரு புட்டியில் ஐந்தாறு கிராம் புரதம்தான், ஒரு முட்டைக்குச் சமம். விலையையும் முட்டையின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

விரால் வேறு கதை. இங்கே மலாய்க்காரர்கள் ஹாருவான் என்பார்கள், சீனர்களும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இந்த மீனைத் தேடி வாங்குவார்கள், நம் ஊரிலும் விரால் மீனுக்குத் தனி மதிப்பு உண்டு. மூன்று சமூகமும் ஒரே மீனிடம் வந்து சேர்ந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பு. அதற்கு மந்திர சக்தி இருக்கிறதா என்று நான் வாதாடமாட்டேன். மீன் நல்ல புரதம், எளிதில் செரிக்கும். ஒன்றே ஒன்று: சூப்பை மட்டும் குடித்துவிட்டுச் சக்கையென்று மீனை ஒதுக்காதீர்கள். புரதத்தில் பெரும்பங்கு அந்த மீன் சதையில்தான் இருக்கிறது. பல வீடுகளில் நோயாளிக்குச் சாறும் மற்றவருக்கு மீனும் போகிறது!

பிரண்டைத் துவையல் உணவாகச் சாப்பிடலாம். பிரண்டை மாத்திரை, மஞ்சள் மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, இவற்றை மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்கவேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்திருந்தால் மஞ்சள் மாத்திரையும் மீன் எண்ணெயும் அதோடு மோதலாம். குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தக் கவலை இல்லை.


பொங்கோல் அக்கா
வியாழன், இரவு 8.00

வேலைக்குத் திரும்பினப்புறம்தான் எனக்குச் சாப்பாடு ரொம்பக் கெட்டுப்போச்சு, அதை முன்கூட்டியே சொல்லிடுறேன். ஊன்றுகோல் ரெண்டு கையையும் பிடிச்சுக்கும். உணவங்காடி நிலையத்துல தட்டைத் தூக்க முடியாது. அதனாலயே முதல் வாரம் நான் பையில ரொட்டி வச்சுத் தின்னுட்டு மேசையிலேயே உக்காந்திருந்தேன். அப்புறம் ஒருநாள் மீன் சூப் கடை அங்கிள் என்னைப் பாத்து, "நீ போய் உக்காரு, நான் கொண்டுவரேன்"னு கையைக் காட்டினார். அதுக்கப்புறம் ஆறு வாரம் நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே கிண்ணம் வந்துடும், சீவின மீன், கூடுதல் தவ்ஃபூ. கேக்கக் கூச்சப்படாதே தம்பி, கேட்டா செய்வாங்க.

சைவ மாசம் முடியுறவரைக்கும் சைவக் கடையில லேய் சா சோறு (மூலிகைச் சாறு ஊத்திச் சாப்பிடுற சீனச் சோறு) கேளு, தவ்குவா, கடலை, கீரை எல்லாம் ஒரே கிண்ணத்துல இருக்கும். வெறும் பிராட்டா, வெறும் பீஹூனோட (அரிசிச் சேமியா) வேளையை முடிச்சுடாதே. வீட்டுல ஃபிளாஸ்க், மூடி போட்ட டப்பா, குறுக்கே மாட்டுற பை மூணும் வாங்கி வச்சுக்கோ. அடுப்படியிலேருந்து ஹாலுக்கு ஒரு கிளாஸ் பால் கொண்டுபோறதுகூட ஊன்றுகோலோட முடியாத காரியம்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.


யீஷூன் விங்கர்
ஞாயிறு, காலை 10.30
(46-ஆம் நாள்)

ரொம்ப நாள் கழிச்சு வர்றேன். டாக்டர் அம்மாகிட்ட தையலைக் காட்டி, தயிர், பருப்பு எல்லாம் சாப்பிடலாம்னு சொல்லிட்டார். தோ பாயோ அம்மா, நீங்க சொன்ன மாதிரியே நடந்துச்சு. அம்மா இப்ப ஃபிரிட்ஜ் கதவுல ஒரு தாள் ஒட்டியிருக்காங்க, வேளைக்கு வேளை எத்தனை கிராம்னு அவங்க கையெழுத்துலயே. சுண்டல் கிண்ணத்தை நான் பாதியில வச்சா "இன்னும் ஆறு கிராம் இருக்கு"ங்கிறாங்க.

இடது தொடை 49.4. எடை 66. ஒரு ஊன்றுகோலை விட்டாச்சு. மடக்குறது 110 டிகிரி வரைக்கும் வருது, நீட்டுறது முழுசா வந்துடுச்சு. நேத்து நிலைச் சைக்கிள் பத்து நிமிஷம் மிதிச்சேன். இறங்கினப்ப அழுகை வந்துடுச்சு, ஏன்னு தெரியல.

எங்க டீமுக்கு பிப்ரவரியில ஒரு போட்டி இருக்கு. கால் இவ்வளவு நல்லா இருக்கே, அதுக்குள்ள தயாராகிடுவேனா?


இயன்கை
ஞாயிறு, பிற்பகல் 1.10

முழு நீட்டம் வந்ததைப் படித்து மகிழ்ச்சி. ஆனால் பிப்ரவரி வேண்டாம்.

புதிதாக வைத்த நார் இப்போதுதான் மிக மெலிந்த கட்டத்தில் இருக்கிறது. உடல் அதைத் தன்னுடையதாக மாற்றிக் கட்டும் வேலை நடக்கிறது, அந்த இடைக்காலத்தில் அது வைத்த அன்று இருந்ததைவிடத் தளர்வு. வலி இல்லாததால் உங்களுக்கு அது தெரியாது. நார்வேயின் ஓஸ்லோவிலும் அமெரிக்காவின் டெலவேரிலும் ஏசிஎல் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி முழங்கால் காயம் படுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதம் என்றால் உங்களுக்கு ஜூன். அப்போதும் நாட்காட்டி மட்டும் போதாது. இடது தொடையின் பலம் வலதில் 90 விழுக்காட்டை எட்டவேண்டும், ஒற்றைக்கால் தாவல் சோதனையிலும் அப்படியே.

பிப்ரவரிப் போட்டிக்குப் போங்கள், கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து உங்கள் அணியைப் பாருங்கள். கஷ்டம்தான், தெரியும்.


யீஷூன் விங்கர்
ஞாயிறு, பிற்பகல் 1.48

மனசு உடைஞ்சுதான் போச்சு. ஆனா இங்க இப்பவே கேட்டது நல்லதாப் போச்சு. சரிங்க. ஜூன்.


புதுக்கோட்டை பவுலர்
ஞாயிறு, இரவு 9.30

அண்ணன், நானும் சொல்லிக்கிறேன். 38 நாள் ஆச்சு. காப்புறுதி, விடுப்புச் சீட்டு ரெண்டையும் பிடோக் அண்ணன் சொன்னபடி எடுத்துட்டுப் போயி ஆபீஸ்ல பேசுனேன், விடுப்புச் சம்பளம் கொடுத்துட்டாங்க. அடுத்த மாசம் இலகு வேலை, ஸ்டோர்ல.

பக்கத்துக் கட்டில் பங்களாதேஷ் அண்ணன்தான் தெனமும் அவரு சோத்தோட எனக்கு முட்டை அவிச்சுத் தர்றாரு. காசு கொடுத்தா வாங்க மாட்டேங்கிறாரு. தீபாவளிக்கு ஊர்லேருந்து அதிரசம் வருது, அதுல பாதி அவருக்குன்னு எடுத்து வைக்கணும். அக்கா, அந்தத் தெம்பேயை அடுப்பு இல்லாம வெந்நீர்ல போட்டே வேகவச்சுச் சாப்புடலாமா?


பொங்கோல் அக்கா
ஞாயிறு, இரவு 9.52

வெந்நீர்ல ஊறவச்சா போதாது தம்பி, நல்லா வேகணும். அந்த அண்ணன் முட்டை வைக்கிறப்ப ஒரு தட்டுல தெம்பேயையும் வச்சு ஆவியில பதினஞ்சு நிமிஷம் விடச் சொல்லுங்க. உப்பும் மிளகும் தூவுனா போதும். அவருக்கும் நாலு துண்டு கொடுங்க.